காத்திவாக்கத்து வீடுகள்

சென்னைமாநகரத்தின் வீடுகளையும் வீதிகளையும் பற்றி எழுதப் புகுந்தார் பலர். அவருட் பெரும்பாலார் ஜார்ஜ் டவுனில் தொடங்கி, மயிலையிலும் திருவல்லிக்கேணியிலும் உலாவி, எழும்பூர்த் தோட்ட வீடுகளை வியந்து அவ்வளவில் அமைந்துவிடுவர். வடக்கே செல்வாரும் இராயபுரம் ரயில் நிலையத்தையும் திருவொற்றியூர்த் தியாகேசர் சந்நிதியையும் கண்டு திரும்பிவிடுவர். அதற்கும் அப்பால், கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே எண்ணூரை அடுத்துக் கிடக்கும் காத்திவாக்கத்தை நினைப்பாரில்லை. 2011ஆம் ஆண்டில் காத்திவாக்கம் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. வரி செலுத்துவதற்கு நகரமாகிவிட்ட இவ்வூர், நகர சரித்திரத்தில் மட்டும் இடம்பெறாதது ஏன் என்று நாம் கேட்கிறோம்.

சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே கால்வாய் வெட்டும் வேலை 1806ஆம் ஆண்டில் முடிந்தது. அந்நாளில் அதற்குக் காக்ரேன் கால்வாய் என்று பெயர். பக்கிங்ஹாம் கால்வாய் என்பது பின்னர் வந்த பெயர். இதன் வழியே வடக்கேயிருந்து உப்பும் விறகும் கிளிஞ்சலும் படகேறிப் பட்டணம் சென்றன. கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பினாலன்றோ துரைமார் மாளிகைச் சுவர்கள் சலவைக்கல்போல் ஒளிவிட்டன! தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்டு எழுப்பிய 'மெட்ராஸ் டெர்ரஸ்' தளங்களும் அத்தகைய சுண்ணாம்பைக் கொண்டே நின்றன. அம்மாளிகைகளைக் கட்டடக்கலை என்று போற்றுகிறோம். அவற்றுக்குச் சரக்கு அனுப்பிய கரையில் வாழ்ந்தாரின் வீடுகளுக்கு ஒரு வரி எழுதவும் மனம் வரவில்லை.

அவ்வீடுகளுக்குக் கலை இல்லையா? இக்கரையின் பழைய ஊர்த்தெருக்களில் திண்ணையும் நடையும் முற்றமும் கொண்டு, நாட்டு ஓடு வேய்ந்த வீடுகள் வழிப்போக்கனுக்கும் நிழல் தந்தன. குப்பங்களில் தாழ்ந்த கூரையுடைய ஓலைக் குடிசைகள் கடற்காற்றுக்குத் தலைகொடாமல் தப்பின. மீனவனுக்கு வீடு என்பது நான்கு சுவர் மட்டுமன்று. படகேற்றும் மணற்கரையும், வலை உலர்த்தும் வெளியும், மீன் காயவைக்கும் திடலும், அம்மன் கோயிலின் முன்றிலும் சேர்ந்தே அவனுக்கு வீடாகின்றன. சுவரை விட்டுவைத்து அவ்வெளியைப் பறித்தாலும் வீட்டைப் பறித்ததேயாகும்.

முதலிற் பறித்தது கடல். கடலைத் தூண்டியது மனிதர் செய்கை. சென்னைத் துறைமுகத்திற்கு 1875ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கேயிருந்து வடக்கே நகரும் இயல்புடையது. துறைமுகச் சுவர்கள் அதனைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் பெறாத கரை அரிக்கப்பட்டு வீடுகளும் வீதிகளும் அலைக்கு இரையாயின. தென்சென்னையார் மாலைக் காற்று வாங்கும் மணலுக்கு வடசென்னையார் மனையால் விலை கொடுத்தனர். கற்சுவர்களும் தூண்டில் வளைவுகளும் பின்னர் வந்தன. போன நிலம் வரவில்லை.

அடுத்து வந்தவை ஆலைகள். சுதந்திரப் போராட்ட வீரரான ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் தொழிற்சாலை அமைத்தது. சுதேசித் தொழில் வளர்ந்ததைக் கண்டு மகிழாதார் தேசாபிமானியாகார். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 450 மெகாவாட் திறனுடைய அந்நிலையம் 2017இல் மூடப்படும்வரை மின்சாரம் வெளியூர்க்கும் சென்றது. புகையும் சாம்பலும் உள்ளூரில் தங்கின. தொழிலாளர்க்குக் கான்கிரீட் குடியிருப்புகள் எழுந்தன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் வீடிழந்தோர்க்கென எர்ணாவூரில் அடுக்கு வீடுகள் கட்டப்பட்டன. மழைக்கு ஒழுகாத கூரை கிடைத்தது மெய்யே. ஆயின் மாடிப்படியில் வலையை எங்ஙனம் விரிப்பது? கரையிலிருக்கும் படகை மூன்றாம் மாடியிலிருந்து எவன் காப்பான்?

2023ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்தவற்றை நேயர்கள் மறந்திரார். புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் பரவி, படகிலும் வலையிலும் படிந்தது. அத்துயர் ஆறுமுன், அம்மாதம் 26ஆம் நாளிரவு கடலடிக் குழாயொன்றிலிருந்து அமோனியா கசிய, பெரியகுப்பத்தாரும் சின்னகுப்பத்தாரும் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடினர். கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணுறங்க இயலாத வீட்டை வீடென்று எங்ஙனம் சொல்வது?

'தொழில் வேண்டாவென்று சொல்லுகிறீரோ?' என்று சிலர் வினவலாம். நாம் அங்ஙனம் சொல்லவில்லை. ஒரே கரை எல்லாச் சுமையையும் தாங்குவது நீதியா என்பதே நமது வினா. மூடிய நிலையத்தின் பெயரால் 660 மெகாவாட் விரிவாக்கத்திற்கு 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக் கேட்டபோது, ஜனங்கள் திரண்டு எதிர்த்தனர். அக்குரலைச் சடங்குக்காகக் கேட்டதாகச் சர்க்கார் வைத்துக்கொள்ளலாகாது.

புதுச் சட்டம் ஒன்றும் நாம் வேண்டவில்லை. மீனவர் ஊர்களையும் அவர்தம் பொதுவிடங்களையும் வரைபடத்திற் குறிக்கவேண்டுமென்று 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே விதித்தது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஒவ்வோரூரிலும் வலைக்களம் எது, படகுத்துறை எது, கோயில்வெளி எது என்று ஊர்ப் பெரியோரையும் பெண்டிரையும் உடன்வைத்துக்கொண்டு அளந்து எழுதுக. எஞ்சியுள்ள திண்ணை வீடுகளையும் அவ்வேட்டிற் சேர்க்க. அவ்வேடு முடியுமுன் எப்புது ஆலைக்கும் அங்கு ஒரு பிடி மண்ணும் அளித்தல் தகாது.

இது சர்க்காரின் வேலை மட்டுமன்று. வடசென்னையில் தொண்டாற்றும் இளைஞர் ஒருவர் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளட்டும். வீடு வீடாகச் சென்று, எப்போது கட்டினர், எக்காலத்தில் கடல் வந்தது, எங்கே பெயர்ந்தனர் என்று கேட்டெழுதட்டும். எழுதாத ஊரை வரைபடத்திலிருந்து அழிப்பது எளிது. காத்திவாக்கத்தார் பட்டணத்துக்குச் சுண்ணாம்பும் உப்பும் மின்சாரமும் கொடுத்துவிட்டனர். தமது வீட்டுவாயிலையேனும் அவர்க்கு விட்டுவைப்பது பட்டணத்தின் கடமையாகும்.