ரெண்டு கண்ணுக்கும் பஞ்சாயத்து!

ஞாயிற்றுக்கிழமை காலை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தலைகள்... தலைகள்... மீன்களைவிட மனிதத் தலைகள்தான் அதிகம்! கூடையில் பளபளவென்று கிடந்த வஞ்சிரத்தைக் காட்டி, ''ஆயா, அந்த ரெண்டுல சின்னது என்ன விலை?'' என்றேன்.

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ''இன்னா நைனா, கார்த்தாலயேவா? இருக்கறதே ஒண்ணுதான்!''

சத்தியமாக நான் குடிக்கவில்லை, சார். வலது கண்ணுக்கு ஒரு மீன், இடது கண்ணுக்கு ஒரு மீன் தெரிந்தது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட நாளிலேயே எனக்கு 'சோடாபுட்டி' என்றுதான் பெயர். இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டு. இப்படிப்பட்ட கண்ணில் விழி நீளமாக இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கிற விழித்திரை இழுபட்டு, மெலிந்து, எப்போது வேண்டுமானாலும் கிழியத் தயாராக இருக்கும். இது எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் ஆபீஸில் வலது கண்ணோரம் மின்னல் வெட்டியது. கொசுக்கூட்டம் மாதிரி கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. 'தூக்கம் போதலை' என்று நானே டாக்டராகி, டீ குடித்து வைத்தியம் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள், ஓரத்திலிருந்து கறுப்புத் திரை ஒன்று இறங்கியது. விழித்திரை கழன்று, நடுப்பகுதி வரைக்கும் வந்துவிட்டது. அந்த இரண்டு நாள் அலட்சியத்துக்கு இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியை எடுத்து, திரையை மறுபடி ஒட்டி, லேசரால் பற்றவைத்து, உள்ளே வாயுவை நிரப்பினார்கள். நாள் கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும். அப்போதுதான் வாயுக் குமிழ் மேலெழுந்து திரையை அழுத்திப் பிடிக்குமாம். ''வாயு கரையற வரைக்கும் ப்ளேன்ல ஏறக்கூடாது'' என்றார் டாக்டர். நமக்கு ஷேர் ஆட்டோவே ப்ளேன்தான், கவலையில்லை!

இந்த ஆபரேஷன் செய்த கண்ணில் சீக்கிரமே புரை விழுவது சகஜம். எனக்கும் விழுந்தது. ''முப்பத்தெட்டு வயசுல புரையா?'' என்று தெருவே துக்கம் விசாரித்தது.

புரையை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதை 1949-ல் லண்டனில் தொடங்கிவைத்தவர் ஹெரால்ட் ரிட்லி. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகள் உள்ளேயே சாதுவாகக் கிடந்ததைப் பார்த்து வந்த யோசனை அது. என் டாக்டர், ''எந்தப் பவர் வைக்கட்டும்?'' என்று கேட்டார். ''கண்ணாடியே வேணாம் டாக்டர், ஜீரோ பண்ணிடுங்க!'' என்றேன்.

''இடது கண் மைனஸ் எட்டுலயே நிக்குதே, யோசிச்சீங்களா?''

ஆசை யோசிக்க விடுமா? தலையாட்டினேன். அங்கேதான் வந்தது வினை!

கண்ணாடியில் மைனஸ் பவர் ஏற ஏற, தெரிகிற உருவம் சின்னதாகும். ஒரு பவருக்குச் சுமார் ஒன்றரை சதவிகிதம் என்று வைத்தாலும், என் இடது கண் பார்க்கும் மீன் வலது கண்ணின் மீனைவிடப் பன்னிரண்டு சதவிகிதம் சின்னது. மூளையோ நாலைந்து சதவிகிதம் வரைதான் தள்ளுபடி தரும். அதனால்தான் இரண்டு கண்ணுக்கும் மூன்று பவருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கண்ணாடி ஒத்துவருவது கஷ்டம். போதாக்குறைக்கு, குனிந்து படியைப் பார்த்தால் இரண்டு படியாகத் தெரியும். ராயபுரம் ஸ்டேஷனில் இல்லாத படியில் கால் வைத்து, விழாமல் தப்பித்தது கடவுள் புண்ணியம். ஆபீஸில் ஆறாவது வரித் தொகையை ஏழாவது வரியில் ஏற்றி, மேனேஜரிடம் மெமோ வாங்காத குறை!

''இடது கண்ணையும் ஆபரேஷன் பண்ணிடுங்க'' என்று கெஞ்சினேன். ''புரையே இல்லாத கண்ணை எதுக்குக் கிளறணும்? உங்களுக்குச் சின்ன வயசு, நீள விழி. அந்தத் திரையும் கழலற அபாயம் கூடும்'' என்று மறுத்துவிட்டு, இடது கண்ணுக்கு மட்டும் கான்டாக்ட் லென்ஸ் எழுதிக் கொடுத்தார். அது கருவிழி மேலேயே உட்காருவதால் உருவம் அவ்வளவாகச் சுருங்காது. ''மீன் ஆய்ஞ்ச கையோட லென்ஸைத் தொடாதீங்க, சோப்புப் போட்டுக் கழுவுங்க'' என்று வீட்டம்மா தினமும் காவல் நிற்கிறாள்.

ஆனால், வலது கண்ணில் நேர்க்கோடு இன்னும் நெளிகிறது. நடுத்திரை ஒருதரம் கழன்றதன் தழும்பு அது. எந்த லென்ஸாலும் நிமிர்த்த முடியாது. மனசு உடைந்த நேரத்தில்தான் பட்டோடி நினைவுக்கு வந்தார்.

1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் மன்சூர் அலிகான் பட்டோடியின் வலது கண்ணில் கண்ணாடிச் சில்லு பாய்ந்தது. கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஆடியபோது அவருக்கு இரண்டு பந்துகள் தெரிந்தன. உள்பக்கப் பந்தை மட்டும் அடித்துப் பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டு, அடிபட்ட கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். 1962 ஜனவரியில் இதே சென்னையில், இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன்! அந்த டெஸ்ட்டில் ஜெயித்துத்தான் இந்தியா முதல்முறையாக இங்கிலாந்திடம் தொடரைக் கைப்பற்றியது.

இரண்டு பந்தில் எது நிஜம் என்று கற்றுக்கொள்ள அவரால் முடிந்தது. என் மூளையும் மாசக்கணக்கில் டியூஷன் படித்தது. நெளியும் கோட்டை மெல்ல ஒதுக்கி, இடது கண் சொல்வதை நம்பப் பழகிவிட்டது.

தடிமனான கண்ணாடி போடும் தம்பிகளே! திடீரென்று மின்னல், புள்ளிகள், திரை தெரிந்தால் டீக்கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடுங்கள். 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை நம் எழும்பூரில் இருக்கிறது! லென்ஸ் வைக்கும்போது, 'அடுத்த கண்ணோடு இது ஒத்துப்போகுமா?' என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

போன ஞாயிறு மறுபடி அதே ஆயா. ''இந்த ஒரு வஞ்சிரம் என்ன விலை?'' என்றேன் கம்பீரமாக. ஆயா விலையைச் சொன்னார். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் இருட்டிக்கொண்டு வந்தன.

அப்பாடா... பேலன்ஸ் ஆயிடுச்சு!