குப்புறப் படுத்துச் சுடும் பந்தயமும் கைமாறி வரும் ரைபிளும்

சிங்கப்பெருமாள் கோவில் கூட்டுச்சாலையில் ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளில் என்.சி.சி. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் உண்டு. முகாமில் தரையில் குப்புறப் படுத்து .22 ரைபிளால் சில தோட்டாக்கள் சுட்டிருப்பார்கள். அதோடு சரி. அந்தப் படுத்துச் சுடுதலே ஓர் உலகப் பந்தயம் என்று அவர்களிடம் சொன்னவர் குறைவு.

50 மீட்டர் தூரம். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான். 2010-இல் மியூனிக் உலகப் போட்டியில் இதே பிரிவில் தங்கம் வென்றவர் கோலாப்பூர் தேஜஸ்வினி சாவந்த். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வங்காளத்து ஜாய்தீப் கர்மாகர் 1.9 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காமிடம் பெற்றார். ரியோவுக்குப் பிறகு இந்தப் பந்தயம் தனியாக ஒலிம்பிக்கில் இல்லை. ஆனால் மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளில் சுடும் பந்தயத்தில் அது தொடர்கிறது. 2024 பாரிஸில் அதில் வெண்கலம் வென்றவர் ஸ்வப்னில் குசாலே, கோலாப்பூர் மாவட்டத்துக் கம்பல்வாடி கிராமத்துப் பிள்ளை, ரயில்வே ஊழியர். கிராமத்துக்கு எட்டாத விளையாட்டு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எட்டாமல் வைத்திருப்பது விலை. ஜெர்மனியின் ஆன்சுட்ஸ், வால்தர் ரைபிள்கள் புதிதாகப் பல லட்சம் ரூபாய். அதனால்தான் மூத்த வீரர் விற்கும் பழைய ரைபிள் பலருக்கு ஒரே வழி. விலையைத் தாண்டி இன்னொரு சுவரும் இருக்கிறது. உரிமம் பெற்ற துப்பாக்கி ஊரில் யார் வீட்டில் தொங்கியது என்று நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் அது யார் கையில் இருந்தது என்பதும் தெரிந்ததே. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, மூன்றாம் விதி, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியில் மற்றவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்யவும், தேவை எனக் கருதினால் பட்டியல் சாதியினருக்கு உரிமம் வழங்கவும் அரசுக்குப் பொறுப்பு தருகிறது. நான் அந்த விதியைச் சொல்வது பழிவாங்க அல்ல. துப்பாக்கி என்றாலே நம் பிள்ளையைச் சந்தேகமாகப் பார்க்கும் மேசையின் முன், சட்டமே நம்மை வேறு விதமாகப் பார்த்திருக்கிறது என்று சொல்லத்தான்.

இனி வாங்கும் முறை. .22 ரைபிளுக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். வயது 21 நிறைய வேண்டும். அதற்குக் குறைந்தவர்கள் விதிகளின்படி பயிற்சியாளர் மேற்பார்வையில் மட்டும் சுடலாம். விற்பவர் மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் காத்திருந்த பின்பே கைமாற்ற முடியும். "நம்ம பையன்தானே, எடுத்துட்டுப் போ" என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்; சிறைக்குப் போவது வாங்கியவன்தான். முதலில் ரைபிள் கிளப் உறுப்பினராகி, கிளப் துப்பாக்கியில் ஓராண்டாவது சுட்டுப் பழகுங்கள். 20 ஜூலுக்கு உட்பட்ட .177 ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள்.

பழைய ரைபிளைக் கையில் எடுத்ததும் போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள். வரிசை எண் உரிமத்தில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். தோட்டா அமரும் வாயின் விளிம்பில் ஊசி குத்திய வடு இருந்தால், வெறுமனே விசையை இழுத்தே கெடுத்த துப்பாக்கி. குழல் முனை விளிம்பு கம்பியால் தேய்ந்திருந்தால் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். மரக்கட்டை வலக்கைக்காரருக்கா இடக்கைக்காரருக்கா என்பதையும் பாருங்கள். பிறகு கிளப்பில், பல தொகுதித் தோட்டாக்களைப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்க்கக் கேளுங்கள். .22 ரைபிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டாதான் பிடிக்கும். எந்தத் தோட்டாவிலும் துளைகள் நெருங்கி விழாவிட்டால் குழல்தான் போயிருக்கிறது. மேல்பூச்சின் அழகில் மயங்காதீர்கள்.

வாங்கியபின் உடலுக்குப் பொருத்துவதில்தான் பாதி வெற்றி. பின்தட்டின் நீளம், கன்னம் பதியும் பகுதியின் உயரம், முன்கையை நிறுத்தும் கட்டை, கைவார் என நான்கும் நகரக்கூடியவை. கைவார் நாடித்துடிப்பு தெரியும் இடத்தில் அழுத்தினால், குறி ஒவ்வொரு துடிப்புக்கும் குதிக்கும்; சற்று மேலே ஏற்றிப் பாருங்கள். தாங்கும் முன்கை தரையோடு 30 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது போட்டி விதி. மொத்த எடை 8 கிலோவைத் தாண்டக்கூடாது. படுத்துக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். குறி விலகியிருந்தால் ரைபிளைத் தள்ளாதீர்கள், இடுப்பையும் காலையும் நகர்த்துங்கள். கையால் இழுத்துப் பிடித்த குறி பத்தாவது குண்டில் களைத்துவிடும்.

சி.என்.சி. மெஷினில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பார்த்து வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குப் பின்தட்டு இடைத்தகடு ஒரு வேலையே இல்லை. ஆனால் குழலையோ உட்பகுதியையோ விசையையோ தொடக்கூடாது. அது உரிமம் பெற்ற துப்பாக்கி நிபுணரின் வேலை. குழலைக் குட்டையாக்குவது தனியாகவே குற்றம்.

நகரக்கூடிய பாகங்கள் இருப்பதால் ஒரே ரைபிளைப் பத்துப் பேர் பயன்படுத்தலாம், ஒவ்வொருவர் நோட்டிலும் அவரவர் அளவுக்கோடுகள் எழுதியிருந்தால் போதும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம் 2024-இல் வந்துவிட்டது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள கிளப் ஒன்றில், அங்கேயே பூட்டி வைக்கும்படி, இரண்டு பழைய .22 ரைபிள்கள், நான்கு ஏர் ரைபிள்கள், ஒரு பயிற்சியாளர் என்று அளவு குறித்து மனு எழுதுங்கள். "விளையாட்டு வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதிய மனுவுக்கு இதுவரை ஒரு கேரம் போர்டுதான் வந்திருக்கிறது.