படகு புறப்படுமுன்: பொறியும் மின்கலவடுக்கும்

மட்டக்களப்பு வாவி தன் இரு கரைகளுக்கும் ஞாயிற்றைக்கொண்டே பெயர் பெற்றுள்ளது. கடலை அடுத்த கீழ்க்கரை எழுவான்கரை. வயலும் காடும் சார்ந்த மேற்கரை படுவான்கரை. தான்தோன்றீஸ்வரர் கோயில் கொண்ட கொக்கட்டிச்சோலை படுவான்கரையிலே உள்ளது. மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்படும்வரை, தேர்த் திருவிழாவுக்கு எழுவான்கரையிலிருந்து வந்த அடியார் பலர் துறை கடந்தே வந்தனர். பாலம் வந்தபின்னும் வாவியிலே படகுக்கு வேலை ஓய்ந்துவிடவில்லை. பொறி பூட்டிய உல்லாசப் படகுகளும் இன்று அதிலே செல்கின்றன.

கம்பூன்றியும் தண்டு வலித்தும் செல்பவனுடைய வலிமை படிப்படியாகவே குன்றும். குன்றுவதை அவன் உணர்ந்து கரைசேர்வான். பொறியோ முன்னறிவித்தலின்றி நிற்கும். வாடைக்காற்று வீசும் மாரியிலே நடுவாவியில் நின்ற படகு அலைக்கும் காற்றுக்கும் உரியதாகிவிடும். ஆகவே அறிய வேண்டியவற்றைக் கரையிலேயே அறிந்துகொள்ளல் வேண்டும்.

முதலாவது, எரிபொருள். பெற்றோலின் ஆவி காற்றினும் பாரமானது. எனவே அது மேலெழுந்து கலைந்துபோகாமல் படகின் அடித்தளத்திலே தேங்கும். ஒரு சிறு பொறி அதனை வெடிக்கச் செய்யப் போதும். கையால் எடுத்துச் செல்லும் தாங்கியைக் கரையில் வைத்தே நிரப்புதல் நன்று. பொறி மூடிய அறையினுள் இருப்பின், காற்றாடியைச் சில நிமிடங்கள் இயக்கி ஆவியை வெளியேற்றி, மணம் இல்லையென உறுதிசெய்த பின்னரே திறப்பைத் திருப்பலாம். தாங்கி மூடியிலுள்ள காற்றுத்துளை திறந்திருத்தல் வேண்டும். அது மூடியிருப்பின் தாங்கியினுள் வெற்றிடம் உண்டாகி, எரிபொருள் வருவது தடைப்படும். சிறிது தூரம் ஓடியபின் பொறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, உராய்வுநீக்கி எண்ணெய். நாலடிப்புப் பொறியிலே அளவுகோலை இழுத்து எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் பார்த்தல் வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது என்பது பொருள். அந்நிலையில் பொறியை இயக்கலாகாது. ஈரடிப்புப் பொறிகள் பலவற்றில் எண்ணெயைப் பெற்றோலுடனேயே கலப்பர். அதன் விகிதத்தைப் பொறி செய்தவர் கூறியவாறே கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, மின்கலவடுக்கு. 1859இல் பிளாண்டே என்னும் பிரெஞ்சு அறிஞர் அமைத்த ஈயக்கலத்தின் வழிவந்ததே இன்று படகிலுள்ள பற்றரியும். ஈயம், ஈயவீரொட்சைட்டு ஆகிய தகடுகள் ஐதான கந்தகாமிலத்தில் அமிழ்ந்திருக்கும். மின்னிறங்கும்பொழுது இருவகைத் தகடுகளிலும் ஈயசல்பேற்றுப் படிந்து, அமிலம் மேலும் ஐதாகும். ஆதலால் அமிலத்தின் தன்னீர்ப்பே கலத்தின் நிலையைக் காட்டும். நன்கு மின்னேறிய கலத்தில் நீரமானி ஏறத்தாழ 1.26 எனக் காட்டும். ஆறு கலங்கள் கொண்ட அடுக்கு, ஓய்வில் 12.6 வோல்ற்றளவு தரும். 12 வோல்ற்றுக்கு இறங்கியிருப்பின் அதனை நம்பிப் புறப்படலாகாது. மின்னிறங்கிய நிலையிலே நெடுநாள் விட்டால், சல்பேற்றுப் பளிங்குகள் இறுகிக் கலம் மீளாது பழுதாகும்.

திறந்து நீரூற்றும் வகையாயின், நீர்மட்டம் தகடுகளுக்கு மேல் நிற்கவேண்டும். குறையை நிரப்பக் காய்ச்சி வடித்த நீரே தக்கது. கிணற்றுநீரிலுள்ள உப்புக்கள் தகடுகளுக்குத் தீங்கு செய்யும். மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளிப்படுவதால் தீயும் புகைத்தலும் அருகே ஆகா. முனைகளிற் பூத்த பூஞ்சணம் போன்ற படிவை அப்பச்சோடாக் கரைசலால் கழுவித் துடைத்து, இறுக்கி, வசிலீன் பூசுதல் வேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கொள்க. எதிர்முனை பொறியின் உலோகத்தோடு இணைந்திருப்பதால், முறை மாறின் கையிலுள்ள திருகி இரண்டையும் தொட்டுத் தீப்பொறி எழும்.

நான்காவது, குளிர்நீர். பொறியின் வெப்பத்தை வாவிநீரே போக்குகின்றது. ஆற்றுவாழையும் வலைத்துண்டும் நீர்வாயை அடைத்தல் கூடும். சுழல்விசிறியிலும் அவை சுற்றும். இவற்றை நீக்குக. நீரின்றிப் பொறியை ஓட்டின் இறைப்பியின் இரப்பர்ச் சில்லு விரைவில் அழியும். வாவி உவர்நீர் கொண்டதாகையால், பயணம் முடிந்தபின் நன்னீர் செலுத்திக் கழுவுதலும், பொறிக்காகத் தான் அரிபட்டுத் தேயும் நாகக்கட்டி எஞ்சியுள்ளதா எனப் பார்த்தலும் அவசியம்.

இவை முடிந்தபின் பற்சக்கரத்தை நடுநிலையில் வைத்து, அவசர நிறுத்துகயிற்றை ஓட்டுநர் தம் உடலிற் கொளுவி, பொறியைத் தொடக்குக. தொடக்கியைச் சில விநாடிகளுக்குமேல் தொடர்ந்து அழுத்தலாகாது. இடையே ஆறவிடாவிடில் அதன் சுருள் வெந்துபோம். பொறி உயிர்த்ததும் பின்புறத்துச் சிறு துளையினின்று நீர் தாரையாக வருகின்றதா என நோக்குக. வாராவிடின் உடனே நிறுத்துக.

இத்தனைக்கும் கால்மணி நேரம் போதும். செய்யும் முறையை மட்டும் மனனம் செய்தவன் அவசரத்திலே ஒன்றை விட்டுவிடுவான். ஒவ்வொன்றின் காரணத்தையும் உணர்ந்தவன் விடத் துணியான். ஆயினும் எத்துணைப் பேணினும் பொறி பொறியே. ஆதலின் தண்டு ஒன்றும், ஆளுக்கொரு மிதப்புச் சட்டையும் படகில் இல்லாமல் துறையை விட்டு நீங்கற்க.