தாளம் போடும் கை

மார்கழி இசை விழாவில் கட்டணமில்லாத பிற்பகல் கச்சேரிகள் பெரும்பாலும் இளையோருக்கு உரியவை. அத்தகைய மேடையில் என் மகள் பாடும்போது, அரங்கில் அமர்ந்து நான் செய்யக்கூடியது ஒன்றே: தாளம் போடுவது.

ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரங்கள். ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் சேர்ந்தது லகு. அதைத் தொடர்ந்து, தட்டும் வீச்சுமாக இரண்டு திருதங்கள். கச்சேரியின் தொடக்கத்தில் வர்ணத்தை முதற்காலத்தில் பாடிவிட்டு இரண்டாம் காலத்துக்கு நகர்கையில் பாட்டின் வேகம் இருமடங்காகும். தாளத்தின் வேகமோ மாறாது. பதற்றத்தில் குழந்தையின் கை பாட்டோடு சேர்ந்து ஓடத் துடிக்கும் இடம் அது. கை முந்தினால் வயலினும் மிருதங்கமும் உடன் தடுமாறும். அப்போது எதிரே சீராக அசையும் கைகளே ஊன்றுகோல்.

இன்றோ முன்வரிசைப் பெற்றோர் பலரின் கைகளில் கைப்பேசிகள் உயர்ந்து நிற்கின்றன. பின்னர் கேட்டுத் திருத்திக்கொள்ளப் பதிவு பயன்படும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், கைப்பேசி ஏந்திய கை தாளம் போட இயலாது. கர்நாடக இசையில் கேட்பவரும் தாளத்தின் பங்காளி. பதிவு செய்யும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தப் பங்கை மற்ற பெற்றோர் மீட்டுக்கொள்ள வேண்டும். மேடையில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது துணை.