வீணாகும் வெப்பத்தில் குளிர்ச்சி

சென்ற கோடையில் தணிக்கைக்காக நாம் சென்றிருந்த ஒரு விவசாயிகள் சங்கத்தில், கிடங்கின் பின்புறம் தக்காளி குவியலாய் அழுகிக் கிடந்தது. அன்று மாலையே அவ்வூர் நெசவாளர் சங்கத்துச் சாயப்பட்டறைக்கும் போனோம். அங்கே கொதிகலனின் வெப்பம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இவ்விரு நஷ்டங்களுக்கும் இடையே இரண்டு பர்லாங்கு தூரந்தான்.

வெப்பத்தைக் கொண்டு குளிர்ச்சி உண்டாக்கலாம் என்றால் அங்கத்தினர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் இது பழைய வித்தையே. பிரான்ஸ் தேசத்துப் பெர்டினாண்ட் கார்ரே 1859-ல் இத்தகைய யந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1878-ல் பாரிஸ் கண்காட்சியில் அகஸ்டின் மூஷோ சூரிய வெப்பத்தாலேயே பனிக்கட்டி செய்து காட்டினார்.

அமோனியா தண்ணீரில் எளிதில் கரைவது. அக்கரைசலைச் சூடேற்றினால் அமோனியா ஆவியாய்ப் பிரியும். மூடிய குழாய்களுக்குள் அவ்வாவியின் அழுத்தம் ஏறி, வெளிப்புறம் சிறிது ஆறியதும் திரவமாகிறது. அழுத்தம் குறைந்த பகுதிக்கு அத்திரவத்தை விட்டால் மீண்டும் ஆவியாகிறது. அப்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதே நியாயத்தால்தான். பின்னர் தண்ணீர் அவ்வாவியை மறுபடியும் ஏற்றுக்கொள்ளும். மின்சாரக் குளிர்பெட்டியில் அழுத்தி யந்திரம் செய்யும் வேலையை இங்கே வெப்பம் செய்கிறது.

தக்காளிக்கும் வாழைக்கும் பனிக்கட்டிக் குளிர் ஆகாது. 12, 13 டிகிரி போதும். ஆகவே அமோனியாவின் நெடியும் அபாயமும் இல்லாத லிதியம் புரோமைடு யந்திரமே ஏற்றது. அதற்கு 80 முதல் 90 டிகிரி வரை சூடான நீர் போதும்.

கணக்கைப் பார்ப்போம். 3.5 கிலோவாட் குளிர்ச்சிக்கு ஏறக்குறைய 5 கிலோவாட் வெப்பம் வேண்டும். நண்பகல் வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1 கிலோவாட் தருகிறது. அதில் பாதியைப் பிடித்தாலும் 10 சதுர மீட்டர்ச் சேகரிப்பான் தேவை. சூரிய மின்தகடுகள் மலிந்துவிட்ட இந்நாளில், வெயிலை மட்டும் நம்பி இதை வாங்குவது நமக்குச் சரியாகப் படவில்லை. வீணாகும் வெப்பம் கையிலிருக்கும் இடத்தில்தான் கணக்கு மாறுகிறது. அங்கும் ஒரு தடை உண்டு: உள்ளே சென்ற 8.5 கிலோவாட் வெப்பத்தையும் வெளியேற்றியாக வேண்டும். அதற்குத் தண்ணீர் செலவாகும். கிணறு வற்றும் ஊரில் இது சிறிய விஷயமன்று.

வெந்நீரை இரண்டு பர்லாங்கு குழாயில் கொண்டுபோவதைவிட, தக்காளிக் கூடைகளைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுவருவதே சுலபம். குளிர் அறை அங்கேதான் அமைய வேண்டும். ஆனால் கொதிகலன் வாரத்தில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்ற கணக்கு பட்டறையில் இல்லை. விறகுக் கணக்கு மட்டுமே இருக்கிறது. புகைபோக்கியில் வெப்பமானி பொருத்தி, நாள்தோறும் குறித்துவரக் காரியதரிசி ஒப்புக்கொண்டிருக்கிறார்.