நெல்லிக்காயும் நம் அன்றாட உணவும்

உத்தியோகத்தின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர், புழுங்கலரிசிக்கும் காப்பிப் பொடிக்கும் எத்தனை தூரமாயினும் சென்று வருவர். ஆனால் தனியறையில் தாமே சமைத்துண்ணும் இளைஞரின் உணவிலிருந்து கீரையும் பழமும் மெல்ல மெல்ல நீங்கிவிடுகின்றன. காலையில் வைத்த குழம்பை இரவில் மீண்டும் சுட வைத்து, தயிரும் ஊறுகாயுமாக உணவை முடித்துக்கொள்கிறார். வயிறு நிறைகிறது, ஆயினும் ஒன்று குறைகிறது. அதுவே வைட்டமின் ‘சி’ என்னும் உயிர்ச்சத்து.

பெரும்பாலான விலங்குகள் இச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதனுக்கு அவ்வாற்றல் இல்லை. பெருமளவில் சேமித்து வைக்கவும் இயலாது. தோல், ஈறு, எலும்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றிற்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் செவ்வனே அமைய இச்சத்து வேண்டும். சில மாதங்கள் இது கிட்டாவிடில் சோர்வும் மூட்டு வலியும் தோன்றும், ஈறு வீங்கி இரத்தம் கசியும், புண் ஆறாது. இதுவே ‘ஸ்கர்வி’ நோய்.

1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், இந்நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். இது கடலோடிகளுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணலாகாது. 1940-ஆம் ஆண்டை ஒட்டி, இன்று ஹரியானாவைச் சேர்ந்த ஹிஸ்ஸார்ப் பகுதியில் பெரும் பஞ்சம் நேர்ந்தபொழுது அங்கும் ஸ்கர்வி கண்டது. அதைத் தீர்க்க உதவியது நெல்லிக்காய்!

நாளொன்றுக்கு ஆண்களுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்துள்ளது. 100 கிராம் நெல்லிக்காயிலோ கொய்யாப்பழத்திலோ 200 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட சத்து உண்டு. ஆரஞ்சிலும் எலுமிச்சையிலும் ஏறத்தாழ 40 முதல் 50 வரை. எனவே விலையுயர்ந்த பழம் வேண்டுவதில்லை. டில்லிச் சந்தையில் ‘ஆவ்லா’ என்றும், கல்கத்தாவில் ‘ஆம்லகி’ என்றும், பம்பாயில் ‘ஆவளா’ என்றும் கேட்டால் நெல்லிக்காய் கிடைக்கும். கொய்யாவோ முறையே ‘அம்ரூத்’, ‘பெயாரா’, ‘பேரு’ என்னும் பெயர்களைப் பூண்டிருக்கும்.

வாங்கியதைக் காப்பதும் முக்கியம். இச்சத்து நீரில் கரைவது, வெப்பத்தால் அழிவது. ஆகையால் காயை நறுக்கிய பின் கழுவுவதும், நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை வடித்துக் கொட்டுவதும், மீண்டும் மீண்டும் சுட வைப்பதும் தவறு. எலுமிச்சை ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சாறு பிழிவது நம் இல்லத்தரசிகளின் வழக்கம். கசப்பேறாமல் இருக்கச் செய்த அவ்வழக்கம் சத்தையும் காக்கிறது. பருப்பு, கீரை முதலியவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் நன்கு ஏற்கவும் இச்சாறு துணை செய்யும். சைவ உணவினருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, இது பெரிய நன்மை.

மாத்திரைகளை அளவின்றி விழுங்குவதால் பயனில்லை. மிகுதியானது பெரும்பாலும் சிறுநீரில் கழிந்துவிடும். அளவு மீறின் வயிற்றுப்போக்கும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் உண்டாகலாம். ஈறில் இரத்தம் கசிவதற்கு வேறு காரணங்களும் உண்டாதலின், அது தொடருமாயின் மருத்துவரைக் காண்க.

ஏகாதசி விரதமிருந்து, துவாதசியன்று நெல்லிக்காயும் அகத்திக்கீரையும் சேர்த்து உண்பது நம் முன்னோர் வழக்கம். எந்த ஊரில் வாழ்ந்தாலும் நெல்லிக்காய்க்குத் துவாதசி வரட்டும் என்று காத்திராமல், அன்றாட உணவில் பச்சையாக ஒரு காயோ கனியோ சேர்த்துக்கொள்வோமாக.