ஒன்றரை மணி நேரம் கடலில் போனால்... ஒரு வெந்நீர்க் குளியல்! - கனடாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் கோவ்

குளிக்கப் போவதற்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கடலில் போக வேண்டும் என்றால் போவீர்களா? `வீட்டுல கீஸர் இருக்குல்ல, எதுக்கு இந்த வேலை?' என்று கேட்கிறீர்களா? கேள்வி நியாயம்தான். ஆனாலும் கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் ஹாட் ஸ்பிரிங்ஸ் கோவைத் தேடி உலகம் முழுக்க இருந்து ஆட்கள் போகிறார்கள். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது, எப்படிப் போவது, எதில் கவனமாக இருப்பது... பார்த்துவிடலாம்.

எங்கே இருக்கிறது?

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருக்கிறது வான்கூவர் தீவு. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வான்கூவர் நகரம் பெருநிலத்தில் இருக்கிறது, தீவு தனி. நகரத்துக்கு அருகிலிருந்து கார் ஏற்றும் ஃபெர்ரியில் நனைமோ வந்து, அங்கிருந்து மலைகளைக் கடந்து சுமார் மூன்று மணி நேரம் ஓட்டினால் டோஃபினோ என்ற சிற்றூர். ரோடு அதோடு முடிந்துவிடும். எதிரே பசிபிக் பெருங்கடல்தான்.

வெந்நீர் ஊற்று இருக்கும் மாகாணப் பூங்காவுக்கு சாலை கிடையாது. டோஃபினோவிலிருந்து படகில் போக வேண்டும். இல்லையென்றால், தண்ணீரில் இறங்கும் குட்டி விமானத்தில் சுமார் 20 நிமிடங்கள். விமானம் சீக்கிரம் போய்விடும். ஆனால், படகில் போனால் வழியில் சாம்பல் திமிங்கிலம், கடல் நீர்நாய், பாறையில் படுத்துக் கிடக்கும் கடல் சிங்கம் எல்லாம் கண்ணில் படலாம். ரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு இந்தக் கரையில் அடியோடு அழிந்துபோனவை கடல் நீர்நாய்கள். 1969 முதல் 1972 வரை அலாஸ்காவிலிருந்து 89 நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று நீங்கள் பார்ப்பது அவற்றின் வம்சம்தான்.

மரப்பலகைப் பாதை

படகுத்துறையில் இறங்கியதும் ஊற்று வந்துவிடாது. மழைக்காட்டுக்குள் மரப்பலகைப் பாதையில் சுமார் அரை மணி நேரம் நடக்க வேண்டும். இருபுறமும் பாசி போர்த்திய வயதான சிடார் மரங்கள். இந்தப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும். அதனால் பலகை எப்போதும் வழுக்கும். குனிந்து பார்த்தே நடங்கள். அதில் ஒரு லாபமும் உண்டு. இந்தத் துறைக்கு வந்துபோன படகுக்காரர்கள், தங்கள் படகின் பெயரையும் வந்த ஆண்டையும் பலகைகளில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். படித்துக்கொண்டே நடந்தால் தூரமே தெரியாது.

இந்தக் காடு இன்றும் நிற்பதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. க்ளாக்வாட் சவுண்ட் எனப்படும் இந்தப் பகுதியின் மரங்களை வெட்ட அனுமதி தரப்பட்டபோது, 1993 கோடையில் ஆயிரக்கணக்கானவர்கள் சாலையை மறித்தார்கள். 800-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 2000-ம் ஆண்டில் இப்பகுதி யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

தண்ணீர் ஏன் சுடுகிறது?

`பக்கத்துல எரிமலை இருக்கும்போல' என்றுதான் முதலில் தோன்றும். இங்கே அப்படி இல்லை. மழைநீர் பாறை விரிசல்கள் வழியாக பூமிக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் பூமியின் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். அவ்வளவு ஆழம் போய்ச் சூடான நீர், இன்னொரு விரிசலில் வழி கிடைத்ததும் ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. வெளியே வரும் இடத்தில் சுமார் 50 டிகிரி. லேசான கந்தக வாடையும் சேர்ந்து வரும்.

அந்த நீர் ஒரு சிறிய அருவியாக விழுந்து, பாறை இடுக்குகளில் படிப்படியாக இருக்கும் குளங்களில் நிரம்பி, கடைசியில் கடலில் கலக்கிறது. மேல் குளம் கொதிக்கும், கீழே வர வர சூடு குறையும். கடல் ஏறும் நேரத்தில் அலை கீழ்க் குளத்துக்குள்ளேயே வந்து விழும். கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்திருக்கும்போது முதுகில் ஐஸ் மாதிரி பசிபிக் தண்ணீர்! இந்த அனுபவத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

இது யாருடைய இடம்?

நூ-சா-நூல்த் பழங்குடிகளில் ஒரு பிரிவினரான ஹெஸ்குவியட் மக்களின் மண் இது. சுற்றுலா வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஊற்று அவர்களுக்குத் தெரியும். 1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவில் 9.2 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த சுனாமி, இந்தத் துறையில் இருந்த அவர்களின் கிராமத்தைச் சிதைத்துப் போட்டது. பிறகு மேட்டு நிலத்தில் ஊரை மறுபடி கட்டினார்கள். படகில் வரும்போது அந்த வீடுகள் தெரியும். அது வேடிக்கை பார்க்கும் இடமல்ல, ஆட்கள் வாழும் ஊர். அழைப்பில்லாமல் போகாதீர்கள்.

கடலோடு விளையாட வேண்டாம்

2015 அக்டோபர் 25 அன்று டோஃபினோவுக்கு அருகே 27 பேருடன் சென்ற திமிங்கிலம் பார்க்கும் படகு ஒன்று, திடீர் அலையில் கவிழ்ந்தது. ஆறு பேர் இறந்தார்கள். மற்றவர்கள் பிழைத்ததற்கு முக்கியக் காரணம், தகவல் தெரிந்ததும் சொந்தப் படகுகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்த அஹௌசட் பழங்குடி மக்கள். ஊற்றுக்குப் போகும் பயணமும் இதே கடலில்தான். எனவே இவற்றை மறக்காதீர்கள்:

* லைஃப் ஜாக்கெட்டை போட்டோ எடுப்பதற்காகக்கூட கழற்றாதீர்கள். வாந்தி வரும் என்றால், மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

* ஊற்று வாய்க்கு அருகே கை, கால் வைக்காதீர்கள். 50 டிகிரி நீர் தோலைச் சுட்டுவிடும். கீழ்க் குளத்தில் ஆரம்பியுங்கள்.

* 10, 15 நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து வெளியே உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினால் போதும், அன்றைய குளியல் முடிந்தது. கர்ப்பிணிகள், இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

* பாறையில் பிடிக்கும் ரப்பர் செருப்பு அவசியம். சோப்பு, ஷாம்பு, கண்ணாடி பாட்டில், மது கூடாது.

* கடல் ஏறும், இறங்கும் நேரத்தைப் படகோட்டியிடம் கேட்டு வையுங்கள். பெரிய அலை வரும் நாளில் கீழ்க் குளம் ஆபத்து.

* நிலநடுக்கம் உணர்ந்தால், பொருள்களை எடுக்க நிற்காமல் மேட்டை நோக்கி ஓடுங்கள். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள்.

* இந்தியர்களுக்கு கனடா விசா வேண்டும். பூங்கா திறந்திருக்கிறதா என்பதை மாகாணப் பூங்காத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் படகோட்டி வானத்தைப் பார்த்துவிட்டு `இன்னிக்கு வேண்டாம்' என்று சொன்னால், `இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கோமே' என்று அவரிடம் வாதாடாதீர்கள். ஊற்று நாளைக்கும் சூடாகத்தான் இருக்கும். ஒரு காபி குடித்துவிட்டு, மறுநாள் போங்கள்.